நான் இல்லாத நாளில் மில் ஓடவில்லை: ஆட்களை எப்படி ஓர் அணியாக்குவது?

பரந்தன் மில்

வணக்கம். பரந்தனுக்குக் கிட்ட மிளகாய்த்தூள், அரிசிமா, குரக்கன்மா அரைத்துப் பக்கற் போட்டு விற்கிறோம். அப்பா காலத்தில் ஊராருக்கு அரைத்துக் கொடுத்த சின்ன மில்தான். இப்போது பதினொரு பேர் வேலை செய்கிறார்கள், அதில் மூன்று பேர் சொந்தக்காரர். சாமான் யாழ்ப்பாணம், வவுனியா, வெள்ளவத்தைக் கடைகள் வரை போகிறது. விற்பனையில் குறையில்லை. ஆட்கள் விஷயத்தில்தான் தடுமாறுகிறேன்.

மெசினில் நன்றாகப் பழகிய பெடியன் ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டான். அடுத்தவனும் பாஸ்போட் எடுத்துவிட்டான். சீல் பண்ணும் மெசினில் சூடு பிழைத்துப் பக்கற் ஒழுகினாலும், நான் கண்டுபிடிக்கும்வரை யாரும் சொல்வதில்லை. நான் வவுனியாவுக்குப் போன நாளில் கடைக்காரர் போன் எடுத்து ஓடரைக் கூட்டிக் கேட்டால், "முதலாளி வரட்டும்" என்பதுதான் பதில். அன்றைய லொறி போய்விடும்.

நல்ல ஆட்கள், களவு பொய் இல்லை. ஆனால் பதினொரு பேர் பதினொரு பேராகத்தான் நிற்கிறார்கள். ஆள் சேர்த்துத் தொழில் நடத்துகிறவர்களும், இப்படியான இடங்களில் வேலை செய்கிறவர்களும் சொல்லுங்கள்.

வட்டக்கச்சி அக்கா

தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். கடைசியாக யாராவது வந்து "பக்கற் ஒழுகுது" என்று சொன்னபோது நீங்கள் முதலில் கேட்டது என்ன? "யார் செய்தது" என்றா, "எத்தனை பக்கற்" என்றா? யார் என்று முதலில் கேட்கிற இடத்தில் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நாங்கள் பெண்கள் சேர்ந்து ஒடியல்மா, மோர்மிளகாய், வடகம் செய்கிறோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு போகிறவர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வருவார்கள், ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். அந்த நேரத்துக்கு ஏற்றபடி வேலையைப் பிரித்த பிறகுதான் எங்களுக்கு லீவுப் பிரச்சினை குறைந்தது. காலையில் வெட்டுதல், அவித்தல், காயப்போடுதல். பின்னேரம் நிற்கக்கூடியவர்கள் பக்கற் வேலை. யாருக்கும் அரைநாள் லீவு கேட்டுத் தயங்கி நிற்கிற நிலை இல்லை.

"முதலாளி வரட்டும்" என்பதற்கு மருந்து சுவரில் ஒரு தாள். 10,000 ரூபாய்க்குட்பட்ட ஓடரை அன்றைக்குப் பொறுப்பானவர் ஏற்கலாம். திரும்பி வந்த சாமான் 3,000 ரூபாய்க்குள் என்றால் கேள்வியில்லாமல் மாற்றிக் கொடுக்கலாம். அதற்கு மேல் என்றால் எனக்குப் போன். இதில் ஒரு விஷயம் மிக முக்கியம்: அவர் எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் மற்றவர்கள் முன்னால் அதை மாற்ற மாட்டேன். அன்றைக்கு அது நிற்கும். அடுத்த கிழமை இருந்து கதைத்து, தேவையென்றால் வரம்பை மாற்றுவோம். கொடுத்த அதிகாரத்தை ஒரு தரம் திருப்பி எடுத்தால் பிறகு அந்தத் தாள் வெறும் தாள்தான்.

ஏ9 கராஜ்

அக்கா சொல்வது பெண்கள் சங்கத்துக்குச் சரி. கராஜில் அப்படி விட ஏலாது. நான் பழக்கிய பெடியள் இரண்டு பேர் இப்போது மாங்குளம் பக்கம் தாங்களே கராஜ் போட்டிருக்கிறார்கள். என்னுடைய வாடிக்கையாளர் பட்டியலும் அவர்களோடு போய்விட்டது. முக்கியமான வேலையையும் சாமான் வாங்குகிற இடத்தையும் சொந்தக் கையில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. பழக்கினால் போவான், பழக்காவிட்டால் நிற்பான்.

தையல் மேசை

பழக்காவிட்டால் நிற்பான் என்பது உண்மையில்லை அண்ணா. பழகாதவனும் போவான், ஒன்றும் தெரியாமலே போவான்.

நான் வேலை செய்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு சின்ன இடத்தில் தைத்தேன், பிறகு அறிவியல் நகரில் பெரிய ஆடைத் தொழிற்சாலைக்குப் போனேன், இப்போது மறுபடி ஒரு சின்ன இடத்தில் இருக்கிறேன். போகிறவர்களைப் பற்றி முதலாளிமார் கதைக்கும்போது துரோகம் செய்தது போலச் சொல்கிறார்கள். வீட்டுக்குக் கூரை போட வேண்டும், தங்கச்சிக்குக் கலியாணம் பேச வேண்டும், நுண்கடன் கட்டி முடிக்க வேண்டும். 2022இல் சாமான் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு எத்தனை வீட்டில் மாதச் சம்பளத்துக்கும் கடைக் கணக்குக்கும் பொருத்தமில்லாமல் போனது என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் போகிறார்கள். உங்களோடு கோபித்துக்கொண்டு போகவில்லை.

தொழிற்சாலையில் பஸ் ஊருக்குள் வரும், சம்பளத்துக்கு ஒரு திகதி, சம்பளத் துண்டு, சேமலாப நிதி எல்லாம் ஒழுங்கு. ஆனால் ஒரு நாள் முழுக்க ஒரே தையல், மணித்தியாலத்துக்கு எத்தனை என்ற இலக்கு. சின்ன இடத்தில் முழு உடுப்பையும் தைக்கலாம், வாடிக்கையாளரோடு நாங்களே கதைக்கலாம். எனக்கு அது பிடித்துத்தான் திரும்பி வந்தேன். ஆனால் சின்ன இடங்களில் பத்தாம் திகதிச் சம்பளம் பதினேழாகும், இருபதாகும். "நாங்கள் குடும்பம் மாதிரித்தானே" என்பார்கள். நுண்கடன்காரர் கிழமைதோறும் அதே நாளில் வாசலில் நிற்பார், அவருக்கு இதைச் சொல்ல முடியுமா? திகதி தவறாமல் சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கு நாங்கள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் கூடுதலாக நிற்கவும் தயார்.

வவுனியாக் கணக்கர்

தங்கச்சி சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அணி கட்டுவது என்று கேட்கிற பலர் இந்த அடித்தளத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள்.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் பொருந்தும். நாட்கூலி, துண்டுக்கூலி, தற்காலிகம் என்று பெயர் வைத்தாலும் பொருந்தும். ஊழியரிடம் 8 வீதம் கழித்து, முதலாளி 12 வீதம் போட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். 40,000 ரூபாய் சம்பளக்காரருக்கு முதலாளியின் பங்கு 4,800ம் 1,200ம், மொத்தம் 6,000 ரூபாய். ஊழியரின் 3,200ஐயும் சேர்த்தால் மாதம் 9,200 ரூபாய் அவர் பெயரில் சேர்கிறது. பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் உண்டு, அது நாள் போகப் போக ஏறும்.

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. இன்னும் பழைய 12,500, 17,500 கணக்கை மனதில் வைத்துக் கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள், கவனியுங்கள். பரந்தன் தம்பிக்கு இன்னொன்று: 15 பேர் அல்லது அதற்கு மேல் வந்துவிட்டால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் (வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் தொகை) சேரும். ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம். பதினொன்றிலிருந்து பதினைந்து அவ்வளவு தூரமில்லை, இப்போதே கணக்கில் ஒதுக்கத் தொடங்குங்கள்.

இதெல்லாம் சட்டத்துக்குப் பயந்து செய்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். எழுத்தில் உள்ள சம்பளமும் சேரும் நிதியும் உள்ள ஒருவர் தன் முதலாளியிடம் நேராக நின்று "இது பிழை" என்று சொல்ல முடியும். முதலாளியின் தயவில் வாழ்கிறவர் சொல்ல மாட்டார். தம்பி, உங்கள் ஒழுகிய பக்கற் கதையும் இதுவும் வேறு வேறு இல்லை.

ஏ9 கராஜ்

ஐயா, நாலு பேருக்கு மாதம் 24,000 கூடுதலாக எங்கேயிருந்து போடுவது? மழைக்காலத்தில் இரண்டு மாதம் வேலையே படுத்துவிடும்.

வவுனியாக் கணக்கர்

போன வருடம் உங்கள் நல்ல மெக்கானிக் போன பிறகு, புதியவன் பழகும்வரை எத்தனை வாகனம் திரும்பி வந்தது, எத்தனை உதிரிப்பாகம் பழுதானது? அதையும் மாதக் கணக்காகப் பிரித்துப் பாருங்கள். மழைக்காலத்துக்கு வருமானம் உள்ள மாதங்களில் ஒதுக்கி வையுங்கள். ஆட்களிடம் அந்தக் கணக்கைக் காட்டியே ஒதுக்குங்கள்.

ஏ9 கராஜ்

கணக்கைக் காட்டினால் இலாபத்தில் பங்கு கேட்பார்கள்.

வட்டக்கச்சி அக்கா

கேட்கட்டுமே. கேட்டால் ஆமென்றோ இல்லையென்றோ சொல்லலாம், காரணத்தையும் சொல்லலாம். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று முதலில் கூட்டத்தில் சொல்லிப் பிறகுதானே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கிறார்கள். தண்ணீர் அளவைச் சொல்லாமல் "உனக்கு அரை ஏக்கர்தான்" என்றால் கமக்காரர் ஒருவரும் ஏற்க மாட்டார். தொழிலும் அப்படித்தான். வருமானம் இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு, கடைக்காரரிடம் நிலுவை இவ்வளவு என்று நாங்கள் மாத முடிவில் எல்லோரும் இருக்கத்தான் வாசிப்போம். அதற்குப் பிறகு பக்கற் உறையை வீணாக்குவது தானாகவே குறைந்தது. உறை என்ன விலை என்று அதற்கு முன்னர் ஒருவருக்கும் தெரியாது.

முகமாலைச் செக்சன்

நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல வருடம் இருந்தவன், கடைசியில் ஒரு செக்சனுக்குப் பொறுப்பாக. இப்போது தம்பியோடு சேர்ந்து சீமெந்துக் கல் அரிகிறோம். வன்னியில் ஆண்களும் பெண்களுமாக எத்தனையோ பேர் அந்த வேலையில் ஒழுங்கு பழகியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வேலைக்கு எடுத்தால், அந்தப் பழக்கத்தையும் சேர்த்து எடுங்கள் என்பது என் முதல் ஆலோசனை.

அங்கே காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் ஓரிடத்தில் நிற்போம். இன்றைக்கு எந்தப் பகுதி, நேற்று எதில் நின்றது, யார் எந்தப் பாதை, மருத்துவ உதவியாளர் எங்கே நிற்கிறார், அவசரமென்றால் வாகனம் எந்த வழியால் போகும். உலோகம் கண்டுபிடிக்கிற கருவியைப் பரிசோதனைத் துண்டில் வைத்துச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாதைக்குள் இறங்குவோம். நேற்று நன்றாக வேலை செய்த கருவிதான், இருந்தாலும் இன்றைக்குப் பார்க்க வேண்டும். யாராவது சந்தேகம் கண்டு நிறுத்து என்றால் நிற்கும். நேற்று வந்த பிள்ளை சொன்னாலும் நிற்கும். நிறுத்தியது வீண் என்று பிறகு தெரிந்தாலும் சொன்னவரை ஒருவரும் பேச மாட்டோம், ஏனென்றால் அடுத்த முறை அவர் யோசித்து நிற்கிற அந்த ஒரு நிமிடம் ஒருவரின் காலாகப் போகலாம்.

மிளகாய் மில்லில் யாருக்கும் கால் போகாது, சரி. ஆனால் பெல்ட்டில் கை போகலாம். பூஞ்சணம் பிடித்த மிளகாய் அரைபட்டால் ஒரு முழு லொறிச் சாமான் திரும்பி வரும். தம்பி, காலையில் பத்து நிமிடம் எல்லோரையும் மெசினுக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள், கதிரை வேண்டாம். சீல் மெசினில் முதல் ஐந்து பக்கற்றை அமத்திப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டம். அதைப் பார்க்க வேண்டியவர் நீங்கள் இல்லை, மெசினில் நிற்பவர். ஒழுகினால் நிறுத்துகிற உரிமையும் அவருடையது. முதல் தரம் அவர் நிறுத்தி லொறி பிந்துகிற நாளில் உங்கள் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அன்றைக்கு நீங்கள் நடந்துகொள்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

கிளிநொச்சிக் கோடு

முகமாலை அண்ணா சொன்னதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் தாதியர் குழுக்களைப் பார்த்தார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்கிற குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளில் கூடுதலாக இருந்தன. காரணம், அந்தக் குழுக்கள் தவறை மறைக்காமல் சொல்லின. மற்ற இடங்களில் தவறு நடக்கவில்லை என்பதல்ல, வெளியே வரவில்லை. பிறகு 2012இல் கூகிள் நிறுவனமும் தன்னுடைய ஏறத்தாழ 180 குழுக்களை ஆராய்ந்தது. யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்பதைவிட, பயமில்லாமல் கதைக்க முடிகிறதா என்பதுதான் கூடுதலாக எடுபட்டது.

நாங்கள் கிளிநொச்சியில் இருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதுகிற சின்னக் குழு. அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களில் படித்தவர்களும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும். வாடிக்கையாளரிடம் "இந்தத் திகதிக்கு முடியாது" என்று சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு வராது. மரியாதை என்று பழக்கப்பட்டுவிட்டது. அதனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் "எது பிந்துகிறது" என்பது மட்டும்தான், அதுவும் பொறுப்பில் உள்ளவர் தன்னுடையதை முதலில் சொல்ல வேண்டும். மூத்தவர் சொன்னால் இளையவருக்கும் சொல்ல வரும்.

பழக்கினால் போவான் என்ற கவலைக்கு: எங்களிடம் எந்த வேலையும் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் போனால் மற்றவர் இருப்பார். போனவர்கள் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் எங்களுக்கு வேலை அனுப்புகிறார்கள், ஏனென்றால் நல்லபடியாகத்தான் அனுப்பிவைத்தோம்.

தருமபுரம்

எல்லோரும் நல்லதாகச் சொல்கிறீர்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. நான் பிறந்ததே இங்கேதான். முன்பு வேலை செய்த இடமொன்றில் மெசின் எல்லாம் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் நான். சுப்பர்வைசர் வேலை வந்தபோது முதலாளியின் ஊர்க்காரப் பெடியனுக்குப் போனது. அவனுக்கு நான்தான் வேலை பழக்கினேன். யாரும் என்னைப் பேசவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு மெசினில் சத்தம் மாறினாலும் நான் சொல்லப் போகவில்லை. வேறு இடம் கிடைத்ததும் வந்துவிட்டேன்.

யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், என்ன ஆட்கள், முன்பு எந்த இயக்கத்தில் இருந்தவர் என்ற கணக்கு வன்னியில் இன்னும் ஓடுகிறது. அதை வைத்துக்கொண்டு அணி கட்ட முடியாது. பொறுப்புக்கு ஆள் எடுக்கும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள், விருப்பமானவர்கள் எல்லோரும் கேட்கட்டும், கிடைக்காதவருக்கு ஏன் என்று நேரில் சொல்லுங்கள். எனக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன்.

பரந்தன் மில்

தருமபுரம் அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. என்னிடமும் பொறுப்பு என்று சொல்லக்கூடிய இடம் மச்சான் கையில்தான் இருக்கிறது, காசும் திறப்பும் அவரிடம். நேர்மையான மனிதன். ஆனால் மற்றவர்கள் அவரிடம் குறை சொல்ல மாட்டார்கள், அவர் வீட்டில் அக்காவிடம் சொல்வார், அக்கா அம்மாவிடம் சொல்வா, இரவுச் சாப்பாட்டில் எனக்கு வரும். இதை எப்படிப் பிரிப்பது?

மற்றது, தை மாசியில் காலபோக அறுவடை வந்தால் பாதிப்பேர் சொந்த வயலுக்குப் போய்விடுவார்கள். எனக்கு நெல்லு அதிகம் வருவதும் அப்போதுதான்.

வட்டக்கச்சி அக்கா

மச்சானிடம் தனியாக, அவருடைய வீட்டில் அல்லாமல் மில்லில் இருந்து கதையுங்கள். அவருக்கும் ஒரு வேலை விபரம் எழுத்தில் கொடுங்கள், மற்றவர்களைப் போலவே சம்பளத் துண்டு, லீவு. காசு எண்ணுகிறவர் ஒருவர், பதிகிறவர் இன்னொருவர் என்று பிரித்துவிடுங்கள். சந்தேகத்தில் செய்வது இல்லை, அவருடைய பெயரையும் அது காப்பாற்றும் என்று அவருக்கே சொல்லுங்கள். வீட்டில் மில் கதை வந்தால் "நாளைக்குக் காலையில் கதைப்பம்" என்று ஒரே பதில். அம்மாவுக்கு முதலில் கோபம் வரும், பிறகு பழகிவிடும்.

அறுவடைக்கு ஆட்கள் போவதை மறிக்க வேண்டாம். வயல் அவர்களுடைய சீவியம். ஐப்பசியிலேயே ஒரு நாட்காட்டியை மாட்டி அவரவர் வயல் வெட்டு எப்போது வரும் என்று குறிக்கச் சொல்லுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா, இவையும் எல்லோருக்கும் முன்பே தெரிந்த நாட்கள்தானே. யார் யாருக்குப் பதிலாக நிற்பது என்று அவர்களே பேசி எழுதட்டும். நீங்கள் எழுதினால் உங்களோடு வாதாடுவார்கள், அவர்கள் எழுதினால் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

தையல் மேசை

அட்வான்சுக்கும் ஒரு விதி எழுதுங்கள் அண்ணா. சம்பளத்தில் எவ்வளவு வரை, எந்த நாளில் கேட்கலாம், எத்தனை தவணையில் கழிப்பது. எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

பரந்தன் மில்

சரி. வருகிற திங்கட்கிழமை காலைக் கூட்டத்தைத் தொடங்குகிறேன். சீல் மெசினில் நிற்கிற தங்கச்சியிடம் நிறுத்துகிற உரிமையை எல்லோர் முன்னாலும் கொடுக்கிறேன். சம்பளத் திகதி ஐந்து என்று எழுதி ஒட்டுகிறேன். கணக்கர் ஐயா, சேமலாப நிதிப் பதிவுக்கு நான் கிளிநொச்சித் தொழில் அலுவலகத்துக்குப் போனால் போதுமா?

பாஸ்போட் எடுத்துவிட்ட மற்றப் பெடியன் இன்னும் ஆறு கிழமை நிற்பான். அவனிடம் மெசின் வேலை முழுவதையும் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லலாமா? போகிறவனிடம் இதைக் கேட்பது சரியா என்று யோசனையாக இருக்கிறது.

வவுனியாக் கணக்கர்

போதும். ஆட்களின் அடையாள அட்டை விபரத்தையும் அவரவர் வேலைக்குச் சேர்ந்த திகதியையும் எடுத்துப் போங்கள். சேர்ந்த திகதியைக் குறைத்து எழுத வேண்டாம்.

முகமாலைச் செக்சன்

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. அந்த ஆறு கிழமைக்குப் பழக்குகிறவருக்கான சம்பளமாக ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுங்கள், யார் யாரைப் பழக்குவது என்று அவனையே தெரிவு செய்ய விடுங்கள். எந்தக் கை மெசினுக்கு ஒத்துவரும் என்று உங்களைவிட அவனுக்குத் தெரியும். கடைசிக் கிழமை அவன் தள்ளி நின்று பார்க்கட்டும், மற்ற இரண்டு பேரும் ஓட்டட்டும்.